மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும்

"கண்ணைப் பாதி மூடு. முழுசா மூடிடாதே, தூக்கம் சொக்குற மாதிரி வச்சுக்கோ. இப்பச் சொல்லு, ரெண்டுக்கும் நடுவுல கோடு தெரியுதா?"

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், இரண்டு வண்ணச் சீட்டுகளை ஒட்டினாற்போலச் சுவரில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார் அக்கா. ஒன்று நீலம். மற்றது நீலமும் பச்சையும் கலந்த கடல் நிறம். கேள்வி பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னபடி செய்தாள்.

"தெரியலை."

"எது தெரியலை, கோடா கலரா?"

"கோடு."

"அதான் வேணும். கோடு கரைஞ்சிடுச்சு பாத்தியா. சொந்தக்காரங்க தோளோட தோள் சாய்ஞ்சு உக்காந்திருந்தா நடுவுல யாரு வேலி போடுவா?" விரலிடுக்கில் வைத்திருந்த இளம்பச்சைச் சீட்டையும் அவற்றின் பக்கத்தில் நகர்த்தினார். "இப்ப?"

"இப்பவும் இல்லை."

"நீ ரொம்பப் பேச மாட்டியோ?"

"ஃபாரம் எல்லாம் ரெண்டு மொழியில எழுதணும். அதுக்கே சரியா இருக்கு."

"அப்ப ரெண்டு பாஷை வச்சிருக்கே. ரெண்டையும் பூட்டி வச்சிருக்கே."

அவள் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அதற்குள் டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். என்ன நிறம் முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

"நான் எங்க முடிவு பண்ணேன். அதுங்களே பேசி முடிச்சுக்கிச்சு. நீலம், கடல், பச்சை. நீங்களும் கண்ணைப் பாதி மூடிப் பாருங்க."

டாக்டரம்மாவும் பார்த்தார். அவர் தோள்கள் மெல்ல இறங்கின. "நல்லா இருக்கு. இங்க வர்றவங்க பாதிப்பேரு பயத்துல வியர்த்துக்கிட்டு வருவாங்க. இதைப் பார்த்தா அடங்கும்" என்றார்.

"தரைக்கும் இதே குடும்பம்தான் டாக்டரம்மா. ஒண்ணு விடாம."

அன்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்த மூன்று பேருக்கும் பார்வை நன்றாக இருந்தது. அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பெயின்ட் கடை முதலாளி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அக்காவுக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். காலையில் கடையில் கலவை மெஷினுக்கு முன்னால் நிற்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய், சுவரைப் பார்த்து நிறம் சொல்வார். மனதுக்குப் பிடித்த இடமாக இருந்தால் ரோலரையும் தானே பிடிப்பார். மெஷின் கலந்து கொடுப்பதை அப்படியே நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. டின்னைத் திறந்து, ஒரு குச்சியை முக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். வெயிலில் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "கொஞ்சம் முறைச்சுக்கிட்டு இருக்கு" என்று உள்ளே வந்து ஒரு சொட்டு மஞ்சள் விடுவார். மறுபடியும் வாசல். "ம், இப்பப் பேசுது."

கடைக்கு வருகிறவர்கள் நிறத்தைச் சொல்லத் தெரியாமல் கையில் கிடைத்ததை எடுத்து வருவார்கள். சட்டைப் பொத்தான், உடைந்த கோப்பையின் துண்டு, தலையணை உறை. ஒருவர் பூனையையே தூக்கிக்கொண்டு வந்து இந்த நிறம் வேண்டும் என்று மேசைமேல் வைத்தார். அக்கா அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "முதுகா, வாலா? ரெண்டும் வேற வேற வீடு" என்று கேட்டார். கேலியில்லை. அந்த மனிதர் யோசித்து, முதுகு என்றார். அவர் வீட்டுக் கூடம் இப்போது பூனை முதுகு நிறத்தில் இருக்கிறது. ஓரங்களில் அதற்கு அடுத்த பழுப்பும், அதற்கும் அடுத்த மங்கிய செம்மையும். பூனை அங்கே படுத்தால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

எந்த நிறத்தையும் அசிங்கம் என்று அக்கா சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. யாராவது ஒரு சீட்டைக் காட்டி முகம் சுளித்தால், "அதுமேல தப்பில்லை. பாவம், தப்பான இடத்துல வாழ்க்கைப்பட்டிருக்கு" என்பார்.

அவருடைய ஒரே கருவி ஒரு லிட்டர் டின்னின் மூடி. அதன் உட்புறத்தில், கடிகாரத்தில் எண்கள் இருக்கும் இடங்களில், பன்னிரண்டு பொட்டு நிறங்களை வட்டமாக வைத்திருக்கிறார். மஞ்சளில் தொடங்கி, பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று சுற்றி, ஆரஞ்சு வழியாக மறுபடி மஞ்சளுக்கே வந்து சேரும். மூடியை ஒரு கையால் ஓரத்தில் பற்றுவார். மூன்று விரல்கள் மூன்று பொட்டுகளின் மேல் படியும். "இந்த மூணு விரலுக்கு அடியில என்ன இருக்கோ, அதுதான் ஒரு ரூம்பு. அக்கம்பக்கத்துக் கலருங்க. ஒண்ணுக்கொண்ணு முகஜாடை இருக்கும். நாலாவது விரல் நீட்டினோம்னா வீட்டுக்குள்ள ரகளை" என்பார். வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். அப்படியே செய்துவிட்டு வருவார். அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள், என்னவென்று சொல்லத் தெரியாமல், செருப்பைக் கொஞ்சம் மெதுவாகக் கழற்றுவார்கள்.

உடையிலும் இதே சட்டம்தான். மஞ்சள் உடுத்திய நாளில் கைப்பை ஆரஞ்சு, குடை செங்கல் நிறம். ஊதா என்றால் ஒருபக்கம் நீலம், மறுபக்கம் கருஞ்சிவப்பு. பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவர், "எங்க வீட்டுல காலுறைகூட உறவுமுறை பாத்துத்தான் ஜோடி சேரும்" என்று சொல்வாராம். வீட்டில் இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் பதினாறு வயது மகள். தன் அறைக்கு அவளே பெயின்ட் அடித்தாள். ஊதாச் சுவர், மஞ்சள் கதவு, கட்டிலின் சட்டம் மட்டும் கறுப்பு. அக்கா அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார். "உள்ள என்ன சத்தம்" என்பார். உள்ளே யாருமே இருக்க மாட்டார்கள்.

கண் மருத்துவமனை வேலை இரண்டு வாரம் நடந்தது. கூடத்துச் சுவர்கள் வெளிர்நீலம். அங்கிருந்து பரிசோதனை அறைக்குப் போகும் நடையில் நீலம் மெல்ல மெல்லக் கடல் நிறமாகி, கடைசியில் பச்சையில் போய் முடிந்தது. எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தரைக்கும் அதே வரிசை. அந்தக் கட்டடம் இரண்டு பழைய வீடுகளை ஒன்றாக இணைத்தது. அதனால் நடையின் நடுவில் ஒரே ஒரு படி கீழே இறங்கும். படிக்கு மேலே கடல் நிறத் தரை, கீழே பச்சைத் தரை. வேலை முடிந்த அன்று அக்கா கூடத்தின் மூலையில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை. "தண்ணி ஓடுற மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று கடை முதலாளியிடம் சொன்னாராம். பிறர் வேலையைத்தான் புகழ்வாரே தவிர, தன் வேலையைப் பற்றி அவர் வாய் திறப்பது அபூர்வம்.

கூடம் அடங்கித்தான் போனது. அழும் குழந்தைகள்கூடச் சீக்கிரம் ஓய்ந்தன. பதிவு மேசைப் பெண் முதல் வாரமே அதைக் கவனித்தாள். வேறொன்றையும் கவனித்தாள். வயதானவர்கள் நடைக்குள் நுழைந்ததும் ஒரு கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டு போனார்கள். ஓர் அம்மாள், படி வருவதற்கு இரண்டடி முன்பாகவே நின்று, குளத்தில் இறங்குகிறவர்போலக் காலை முன்னால் நீட்டித் துழாவினார். ஒருவர் கதவு என்று நினைத்துச் சுவரைத் தள்ளினார். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் பாராட்டும் ஒன்றில் நாம் போய் என்ன குறை சொல்வது என்றும் இருந்தது. மூன்று வாரம் போயிற்று.

நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் விழுந்தார். இரண்டு கண்ணிலும் புரை, இன்னும் அறுவை செய்யாதவர். முப்பது வருஷம் தெருக்களில் நடந்த மனிதர், நடையின் நடுவில் அந்த ஒற்றைப் படியில் நிலைதவறிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

டாக்டரம்மா அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படவில்லை; அதுவே கேட்கக் கஷ்டமாக இருந்தது. "உங்க மேல தப்புன்னு சொல்ல வரலை. நானும்தான் பாத்து நல்லாயிருக்குன்னேன். ஆனா இப்படியே விட முடியாது. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க. எல்லாத்தையும் வெள்ளை அடிச்சிடப் போறோம். சுவர், தரை, எல்லாம்."

அக்கா அன்று மாலையே தபால்காரரின் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். போனதும் அவர் கேட்டது வேறு.

"விழுறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுச்சுய்யா உங்களுக்கு?"

"என்ன தெரிஞ்சுச்சா? ஒண்ணும் தெரியலை. நான் நடந்துக்கிட்டே இருந்தேன். தரையும் வந்துக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு நான் மட்டும் கீழ போயிட்டேன்." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "எத்தனையோ வீட்டு நாயை ஏமாத்தியிருக்கேன். கடைசியில ஒரு படி என்னை ஏமாத்திடுச்சு பாரும்மா."

அவர் சிரித்தார். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை அக்கா கடைக்குப் போகவில்லை. மருத்துவமனைக் கூடத்தில் நோயாளிகளோடு ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் உடுத்தியிருந்தது வெறும் சாம்பல் நிறம், பையும் சாம்பல். பதிவு மேசைப் பெண் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. ஒரு மணி நேரம் யார் யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே கை நீட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மேசைக்கு வந்தார்.

"இவங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியணும். எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். நோயாளிகளின் வீட்டாருக்கு டாக்டரம்மா போட்டுக் காட்டுவது அது. புரை விழுந்த கண்ணுக்கு உலகம் எப்படி இருக்கும் என்பதற்காக, இரண்டு கண்ணாடியிலும் பழுப்பு மஞ்சளில் மங்கலாகப் பூசியிருக்கும். பார்த்துவிட்டுப் பலர் அங்கேயே அழுதிருக்கிறார்கள்.

அக்கா அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"என் நீலம் எங்கடி போச்சு?" என்றார். பழகியவர்களைத்தான் அவர் டி போட்டுப் பேசுவார். அவளிடம் அதுவே முதல்முறை.

நீலமும் கடல் நிறமும் பச்சையும் பழுப்பேறிய அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே அழுக்குச் சாம்பலாகி நின்றன. நடைக்குள் போனார். தானே அளந்து, தானே அடித்த படி. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கால் ஒருமுறை காற்றில் மிதித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். நோயாளிகள் தடவித் தடவிப் போன அதே இடம்தான். அங்கே பெயின்ட் இலேசாக மங்கிப் பளபளத்தது.

கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்து நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார். தன் வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாராம். மஞ்சளும் அதன் உறவுகளுமாக அவர் பார்த்துப் பார்த்துச் செய்த கூடம். ஸ்டூலில் முட்டிக்கொண்டார். கதவின் கைப்பிடியை மூன்று முறை தேடினார். சமையலறை மேடையின் விளிம்பு தெரியாமல் தட்டு கீழே விழுந்தது. கணவர் எட்டிப் பார்த்து, "உங்க சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து உன்னை அடிக்கிறாங்க போல" என்றாராம். கடைசியில் மகளின் அறை. மஞ்சள் கதவு தூரத்திலேயே கூப்பிட்டது. கைப்பிடி, கட்டிலின் ஓரம், மேசையின் மூலை என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று தன்னைச் சொன்னது. எதிலும் இடிக்காமல் அறையைச் சுற்றி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, என் ரூமுக்கு வந்திருக்கே. சத்தமா இல்லையா?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"இருக்குடி. அதான் வழி தெரியுது."

அங்கேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமல், பையிலிருந்த மூடியை எடுத்தார். வழக்கம்போலவே பற்றினார். மூன்று விரல்களும் நீலம், கடல், பச்சை மேல் போய் உட்கார்ந்தன. அந்த மூன்றும் இப்போது மங்கிப்போயிருந்தன. மங்கலில் பளிச்சென்று தெரிந்தது எதிர் ஓரத்தில் கட்டைவிரலின் அடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு நிறம். சிவப்பில் தோய்ந்த ஆரஞ்சு.

"பதினெட்டு வருஷமா இந்த மூடியைப் பிடிக்கிறேன். மூணு விரலைத்தான் எல்லாருக்கும் காட்டியிருக்கேன். கட்டைவிரல் இல்லாம மூடி கையில நிக்குமா? ஒரு நாளாவது அது எதுமேல இருக்குன்னு பாத்தேனா?" இதைச் சொல்லும்போது பதிவு மேசைமேல் மூடியை வைத்துப் பிடித்துக் காட்டினார். எடுத்துப் பார்க்கச் சொல்லி மேசைப் பெண்ணிடமும் கொடுத்தார். கட்டைவிரலை எடுத்தால் மூடி விழத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் போய் நின்றார். "வெள்ளை அடிச்சா மட்டும் படி தெரிஞ்சிடுமா டாக்டரம்மா? வெள்ளையில வெள்ளைப் படி. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் குடுங்க. திங்கக்கிழமை அவரு வர்றாருல்ல, கண்ணைக் காட்ட? அவரே நடந்து பாக்கட்டும். தடுமாறினாருன்னா நானே வெள்ளை ரோலரைப் பிடிக்கிறேன்."

டாக்டரம்மா அந்த மங்கல் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தானும் போட்டுப் பார்த்தார். எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியவர், அதைப் போட்டுக்கொண்டு தன் மருத்துவமனைக்குள் நடந்ததில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "ஞாயித்துக்கிழமை சாவி மேசைப் பொண்ணுகிட்ட இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அவள் அங்கே இருக்க நேர்ந்தது. அக்கா வேலை செய்வதை அவள் அருகிலிருந்து பார்த்தது அன்றுதான். கூடத்துச் சுவர்களை அவர் தொடவில்லை. கதவுச் சட்டங்களுக்கு ஆழ்ந்த கருநீலம் எடுத்தார். "இதுவும் அதே குடும்பம்தான். முன்னாடி நான் வச்சதெல்லாம் ஒரே வயசு. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி யாரு எவருன்னு தெரியலை. இப்பப் பெரியவனும் கடைக்குட்டியும் பக்கத்துல நிக்கட்டும். முகஜாடையும் இருக்கும், ஆளும் தெரியும்" என்றார். நாற்காலிகளின் முன்விளிம்புக்கும் அதே கருநீலம். சட்டத்தைச் சுற்றி டேப் ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒட்டி முடித்ததும் விடுவார். அப்படி ஒரு நாள் முழுக்கச் செய்தார்.

படியைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஆரஞ்சு டின்னைத் திறந்து, குச்சியை முக்கி, வாசலுக்குப் போனார். வெயிலில் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்தவர், படியின் முன்னால் தூரிகையோடு குனிந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. கை வரலை." சற்றுக் கழித்து, "என்னைக் கட்டிக்குடுத்து அனுப்பினப்ப அந்த வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி. ஒரே மூக்கு, ஒரே பேச்சு. நான் ஒருத்திதான் வேற. இவ எங்கேருந்து வந்தாங்கிற மாதிரியே பாப்பாங்க. ஒரு வருஷம் கழிச்சு வீட்டுல எது எங்க இருக்குன்னு என்னைத்தான் கேட்டாங்க" என்றார். பிறகு படியின் விளிம்பில், ஒரு கை அகலத்துக்கு, ஓரச் சுவரிலிருந்து ஓரச் சுவர் வரை, ஒரே இழுப்பில் ஆரஞ்சைப் போட்டார்.

அதன் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அக்கா எழுந்து நின்று, பழக்கத்தில், கண்ணைப் பாதி மூடினார். கோடு கரையவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வெள்ளையடிக்கும் ஆட்கள் இரண்டு பேர் வாளிகளோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தபால்காரர் வந்தார், கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கை. துணைக்கு வந்த மருமகனைக் கூடத்திலேயே இருக்கச் சொன்னார் டாக்டரம்மா. யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். அக்கா நடையின் கோடியில், பரிசோதனை அறை வாசலில் நின்றார். அவர் கையில் மூடி இருந்தது. அதைச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தார்.

தபால்காரர் நடைக்குள் நுழைந்தார். நல்ல கை சுவரைத் தேடிப் போனது. நான்கு எட்டு. ஐந்து. மூடி சுற்றுவது நின்றது. படிக்கு ஓர் அடி முன்னால் அவர் நின்றார். தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தார்.

"இது யாரு புதுசா?" என்றார்.

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். காலைத் தூக்கி, சரியாக, படிக்குக் கீழே வைத்தார். பிறகு அடுத்த காலையும். திரும்பி, தான் இறங்கி வந்த படியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இதை ஒரு வாரம் முன்னாடி வச்சிருந்தா என் கை தப்பியிருக்கும்ல?"

"ஆமாய்யா" என்றார் அக்கா.

"சரி விடு. முன்னாடி இங்க வந்தா ஏதோ குளத்துக்குள்ள நடக்குற மாதிரி இருந்துச்சு. இப்பக் கரை தெரியுது." இரண்டடி போனவர் மறுபடி நின்றார். "ஆனா அந்தக் கழிவறைக் கதவுல கைப்பிடி எங்க இருக்குன்னு இன்னிக்கும் தெரியலை. போன தடவை கதவைக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மா வாசலுக்குப் போய், வாளிகளோடு காத்திருந்தவர்களைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஒரு மதில் பல வருஷமாக வெள்ளையைப் பார்க்காமல் இருந்தது.

கைப்பிடி விஷயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கண்ணாடியோடு நடந்திருந்தார். அந்தக் கதவை மட்டும் விட்டிருந்தார், அதில் நுழைய வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை என்பதால். பதிவு மேசைக்கு வந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இடிச்சாத்தான் எனக்குத் தெரியுது. இன்னும் எத்தனை இருக்கோ."

அவள் எழுதிக்கொண்டிருந்த படிவத்தை நகர்த்தி வைத்தாள். அதைச் சொல்ல அவளுக்கு நான்கு வாரம் ஆகியிருந்தது.

"நான் முன்னாடியே பாத்தேன்க்கா. எல்லாரும் சுவரைத் தடவிக்கிட்டுத்தான் போனாங்க. ஒரு அம்மா காலை நீட்டித் தேடினாங்க. அந்தக் கழிவறைக் கதவும் தெரியும்."

"எப்ப பாத்தே?"

"நீங்க வேலை முடிச்ச முதல் வாரமே."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மூடியை மேசைமேல் வைத்தார். நடையில் ஓர் அம்மாள் போய்க்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பட்டைக்கு முன்னால் நின்று, பார்த்து, இறங்கினார். அது முடியும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையிலிருந்து மங்கல் கண்ணாடியை எடுத்து, அதன் இரண்டு காம்புகளையும் விரித்து, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எனக்கு ஒண்ணு செய்வியா? இனிமே நான் எந்த வீட்டுல வேலை முடிச்சாலும், ஒரு தடவை இதைப் போட்டுக்கிட்டு வந்து நடந்து பாரு. எங்க தடுக்குதோ அங்கேயே நின்னு சொல்லிடு. மனசுக்குள்ள இல்லை, சத்தமா. ரெண்டு பாஷையில எதுல வேணும்னாலும் சொல்லு."